கையெழுத்தின் சாயலில் ஓர் அச்செழுத்து

1557ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் ஒரு நூல் வெளிவந்தது. வாழ்வும் சாவும் பற்றி இத்தாலியரான ரிங்கியேரி எழுதிய உரையாடலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அது. நூலின் பொருளை இன்று நினைப்பார் அரியர். அதன் எழுத்தையே அச்சுக்கலை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ரொபேர் கிராஞ்சோன் என்னும் எழுத்துவெட்டுநர், அக்காலப் பிரெஞ்சு எழுத்தர்கள் இறகுப் பேனாவால் விரைந்தெழுதிய கையெழுத்தை எஃகில் செதுக்கி, ஈயத்தில் வார்த்து, அந்நூலை அச்சிட்டிருந்தார்.

இத்தாலியரின் கையெழுத்து 1501இலேயே வெனிசில் ஆல்டஸ் மனூத்தியசின் அச்சகத்தில் சாய்வெழுத்தாக உருப்பெற்றுவிட்டது. ஐரோப்பா முழுதும் அதனை விரும்பி ஏற்றது. எபிரேயரும் கிரேக்கரும் உரோமரும் தத்தம் எழுத்தைப் பேணியிருக்க, பிரெஞ்சுக்காரர் மட்டும் அயலாரிடம் இரவல் பெறுவதா என்பது கிராஞ்சோனின் ஆதங்கம். அவரே சாய்வெழுத்து வெட்டுவதில் பெரும்புகழ் பெற்றவர் என்பது வேடிக்கைதான். மன்னர் இரண்டாம் ஹென்றி அவருக்குப் பத்தாண்டுத் தனியுரிமை வழங்கினார். ஆயினும் பாரிசிலும் ஆண்ட்வெர்ப்பிலும் போலிகள் விரைவிலேயே தோன்றிவிட்டன.

அவ்வெழுத்தின் அழகு தனித்தன்மை வாய்ந்தது. சாய்வெழுத்தைப்போல் அது மிகச் சாய்வதில்லை. தடித்த கோடு திடீரென மெலிந்து சுழிக்கும். சில எழுத்துகளின் வால் வரிக்குக் கீழே நெடிது இறங்கும். ஒரே எழுத்துக்குச் சொல்லின் முதலில் ஒரு வடிவும் இறுதியில் மற்றொரு வடிவும் உண்டு. கண்ணுக்கு விருந்தாகிய இதுவே அச்சுக்கோப்பவர்க்குத் தொல்லையும் ஆயிற்று. எந்த இடத்திற்கு எந்த வடிவம் என்று அவர் ஒவ்வொரு முறையும் தேர்ந்தாக வேண்டும். ஈயக் கட்டைக்கு வெளியே நீண்ட மெல்லிய வால்களோ எளிதில் ஒடியக்கூடியவை.

சிறுவர்க்கு நன்னடத்தை கற்பிக்க எராஸ்மஸ் இலத்தீனில் எழுதிய சிறுநூலின் பிரெஞ்சு வடிவம் இவ்வகை எழுத்தில் அச்சானது. அத்தகைய நூல்கள் பெருகவே, 'பிரெஞ்சு எழுத்து' என்று கிராஞ்சோன் இட்ட பெயர் மறைந்து, நாகரிகம் எனப் பொருள்படும் 'சிவிலித்தே' என்பதே அதன் பெயராக நிலைத்தது. நாட்டின் பெருமைக்கெனச் செதுக்கிய எழுத்து, மூக்குச் சிந்தும் முறையைச் சிறுவர்க்குச் சொல்ல வந்தது! ஆனால் அதில் ஒரு பயனும் இருந்தது. பத்திரங்களையும் கடிதங்களையும் படிக்க வேண்டிய மாணவர்க்கு, கையெழுத்தைப் போன்ற அச்சு நல்ல பயிற்சியாக அமைந்தது. 1703இல் ழான் பத்தீஸ்த் தெ லா சால் எழுதிய ஒழுக்க நூலும் பள்ளிகளில் இவ்வெழுத்திலேயே படிக்கப்பட்டது.

இதன் வீழ்ச்சிக்கு அச்சுக்கூடத் தொல்லைகளைவிட வேறொன்றே முதன்மைக் காரணம் எனக் கருதுகிறேன். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரின் கையே இத்தாலிய முறைக்கு மாறிவிட்டது. எந்தக் கையைப் பார்த்து வார்த்தார்களோ அந்தக் கை மறைந்தபின், அச்சு மட்டும் பள்ளிநூல்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தனித்து நின்றது.

கிராஞ்சோன் தம் இறுதி ஆண்டுகளை உரோமையில் கழித்தார். அங்கே அவர் செதுக்கியவை ஆர்மீனிய, சிரியாக், அரபு எழுத்துகள். மெடிச்சி அச்சகம் 1590-91இல் வெளியிட்ட அரபு நற்செய்தி நூல் அவர் வெட்டிய எழுத்தில்தான் அச்சாயிற்று.