கட்டட இடிபாட்டுக் கழிவு மறுசுழற்சியும் நுரையீரல் நலமும்: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை

பழைய கட்டடங்களை இடிக்கும்போதும், வீடுகளைப் புதுப்பிக்கும்போதும் வெளியேறும் கான்கிரீட் துண்டுகள், செங்கல், சிமென்ட் பூச்சு, ஓடு, தரைக்கல், மண், மரம், இரும்புக் கம்பி ஆகியவை கட்டட இடிபாட்டுக் கழிவு எனப்படும். இவற்றில் பெரும்பகுதியை நொறுக்கிச் சலித்து மீண்டும் ஜல்லியாகவும் மணலாகவும் பயன்படுத்த இயலும். இதனால் மலைகளை உடைப்பதும் ஆற்றுமணல் அள்ளுவதும் குறைகின்றன. ஏரிகளிலும் சாலையோரங்களிலும் கழிவு கொட்டப்படுவதும் தவிர்க்கப்படுகிறது.

ஆயினும், இடித்தல், உடைத்தல், ஏற்றுதல், நொறுக்குதல் ஆகிய ஒவ்வொரு படியிலும் நுண்தூசு எழுகிறது. அத்தூசைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் உண்டாகலாம். இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை; ஆனால் இதனை வராமல் தடுக்க இயலும். நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ இத்தொழிலில் இருந்தாலும், உங்கள் வீட்டருகே கட்டடம் இடிக்கப்பட்டாலும், பின்வரும் செய்திகள் உங்களுக்குப் பயன்படும்.

மறுசுழற்சி எவ்வாறு நடைபெறுகிறது?

இந்தியாவில் கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டன. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதத்திற்கு 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குவோர் அதனைக் கான்கிரீட், மண், செங்கல் மற்றும் பூச்சு, இரும்பு–மரம்–நெகிழி என வகை பிரிக்க வேண்டும் என அவ்விதிகள் கூறின. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்டு புதிய விதிகள் 2025-இல் அறிவிக்கப்பட்டன. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இக்கழிவைப் பதப்படுத்தும் நிலையங்கள் உள்ளன.

நிலையத்திற்கு வரும் கழிவு முதலில் எடை போடப்படும். மரம், துணி, நெகிழி ஆகியவை கையால் பொறுக்கி எடுக்கப்படும். பெரிய துண்டுகள் உடைக்கப்பட்டு, கம்பிகள் காந்தத்தால் பிரிக்கப்படும். பின்னர் நொறுக்கும் இயந்திரத்திலும் சல்லடையிலும் செலுத்தப்பட்டு, அளவு வாரியாக ஜல்லியும் மணலும் பெறப்படும். இவற்றிலிருந்து நடைபாதைக் கற்களும் சாலையோரக் கற்களும் செய்யப்படுகின்றன. இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 383 (2016), சாதாரணக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையும், குறிப்பிட்ட வலிமைக்கு உட்பட்ட கம்பி வைத்த கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையும் மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லியைச் சேர்க்க இடமளிக்கிறது.

நீரால் கழுவிப் பிரிக்கும் முறையில் தூசு குறைவாக எழும். உலர் முறையில் நொறுக்கும்போது தூசு மிகுதியாகும். நொறுக்கும் வாய், சல்லடை, பொருள் விழும் இடம், லாரியில் ஏற்றும் இடம் ஆகியவையே அதிக ஆபத்துள்ள இடங்கள்.

தூசு எவ்வாறு நோயாகிறது?

மணல், கருங்கல் ஜல்லி, கான்கிரீட், செங்கல், தரைக்கல் ஆகிய அனைத்திலும் படிகச் சிலிக்கா என்னும் தாது உள்ளது. இவை உடைபடும்போது, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான துகள்கள் காற்றில் கலக்கின்றன. பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியேறிவிடும். நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்றுவிடும். அவற்றை விழுங்கி அழிக்க முயலும் பாதுகாப்பு அணுக்கள் தாமே சிதைகின்றன. அவ்விடத்தில் அழற்சி உண்டாகி, நாளடைவில் தழும்பாக இறுகுகிறது. தழும்பான பகுதியால் காற்றிலிருந்து உயிர்வளியைப் பெற இயலாது.

கண்ணுக்குத் தெரியும் தூசைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசே அதிகத் தீங்கு செய்யும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் வகுத்த வரம்பின்படி, எட்டு மணி நேரப் பணியில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா இருக்கக் கூடாது. இவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் கண்டறிய இயலாது. எனவே, “புகைபோல் தெரியவில்லை, ஆபத்தில்லை” எனக் கருத வேண்டாம்.

படிகச் சிலிக்கா மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-இல் வகைப்படுத்தியது. சிறுநீரக நோய், முடக்குவாதம் ஆகியவற்றுடனும் இதற்குத் தொடர்பு உண்டு.

அறிகுறிகள் யாவை?

நோயின் வேகம் சுவாசித்த தூசின் அளவைப் பொறுத்தது.

• நாட்பட்ட வகை: குறைந்த அளவுத் தூசைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சுவாசித்தவர்களுக்கு வருவது. இதுவே பரவலாகக் காணப்படுகிறது.
• விரைவு வகை: மிகுதியான தூசைச் சுவாசித்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் வருவது.
• தீவிர வகை: மிக மிகுதியான தூசைச் சுவாசித்துச் சில வாரங்கள் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வருவது. உயிருக்கு ஆபத்தானது.

தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இல்லாதிருக்கலாம். பின்னர் வறட்டு இருமல், படியேறும்போதும் சுமை தூக்கும்போதும் மூச்சிரைப்பு, களைப்பு ஆகியவை தோன்றும். நோய் முற்றினால் ஓய்வில் இருக்கும்போதும் மூச்சு வாங்கும். நெஞ்சு வலி, எடைக்குறைவு, உதடு நீலமாதல் ஆகியவை காணப்படலாம். தூசுள்ள வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும். ஆதலால் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

காசநோய் எனத் தவறாகக் கருதப்படலாம்

சிலிக்கோசிசும் நுரையீரல் காசநோயும் இருமல், மூச்சிரைப்பு, எடைக்குறைவு என ஒத்த அறிகுறிகளைக் காட்டும். மார்பு எக்ஸ்ரே படத்திலும் சில வேளைகளில் ஒன்றுபோல் தோன்றும். இதனால் சிலிக்கோசிஸ் உள்ளவர் மீண்டும் மீண்டும் காசநோய் மருந்து உட்கொள்ளும் நிலை ஏற்படலாம். மறுபுறம், சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்திருப்பின் அது சிலிக்கோ–காசநோய் எனப்படும்.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு உங்கள் தொழில் வரலாறு மருத்துவருக்கு இன்றியமையாதது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே பின்வருவனவற்றைக் கூறுங்கள்:

• இடிப்பு, கல் உடைத்தல், துளையிடுதல், தரைக்கல் அறுத்தல், பாலிஷ் செய்தல், நொறுக்கும் இயந்திரம், கழிவு ஏற்றியிறக்குதல் ஆகியவற்றில் எந்த வேலையை, எத்தனை ஆண்டுகள் செய்தீர்கள்?
• வேலையிடத்தில் நீர் தெளிக்கப்பட்டதா? என்ன முகக்கவசம் அணிந்தீர்கள்?
• உடன் வேலை செய்தவர்களுக்கு இதே தொல்லை உண்டா?
• முன்பு காசநோய் மருந்து உட்கொண்டீர்களா? எப்போது?
• பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?

மார்பு எக்ஸ்ரே, மூச்சுத்திறன் பரிசோதனை, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன், காசநோய்க்கான சளிப் பரிசோதனை ஆகியவை செய்யப்படும். பழைய எக்ஸ்ரே படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். படங்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே நோய் வளர்கிறதா என்பது தெரியவரும்.

சிகிச்சை

தழும்பான நுரையீரலை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. எனினும் மூச்சுத்திணறலைக் குறைக்கவும், தொற்றுகளைத் தடுக்கவும், அன்றாட வாழ்வை எளிதாக்கவும் வழிகள் உண்டு. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள், மூச்சுப்பயிற்சியும் உடற்பயிற்சியும் அடங்கிய நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி, இன்ஃபுளுவென்சா மற்றும் நிமோகோக்கல் தடுப்பூசிகள், தேவைப்படுவோருக்கு ஆக்சிஜன் ஆகியவை மருத்துவர் அறிவுரைப்படி அளிக்கப்படும். புகைப்பழக்கத்தை அறவே விட வேண்டும். தூசுள்ள வேலையிலிருந்து விலகுவதே சிகிச்சையின் முதற்படி.

காசநோய் உறுதியானால் மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குச் சிகிச்சைக் காலம் வழக்கமான 6 மாதங்களைவிட நீட்டிக்கப்படலாம். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நிக்‌ஷய் ஊட்டச்சத்துத் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

தவறான நம்பிக்கைகள்

வெல்லம் அல்லது வாழைப்பழம் உண்டால் உள்ளே சென்ற தூசு வெளியேறிவிடும் என்பது வேலையிடங்களில் பரவலாக உள்ள நம்பிக்கை. உணவு இரைப்பைக்குச் செல்கிறது; தூசு நுரையீரலில் தங்குகிறது. எனவே எந்த உணவும் நுரையீரலில் படிந்த சிலிக்காவை அகற்றாது. மது அருந்துவதும் அகற்றாது. காசநோய் மருந்து உட்கொள்பவர்களுக்கு அது கல்லீரல் பாதிப்பை மிகுவிக்கும். துண்டையோ கைக்குட்டையையோ முகத்தில் கட்டிக்கொள்வது நுண்துகள்களைத் தடுக்காது.

வேலையிடத்தில் செய்ய வேண்டியவை

1. உடைக்கும் முன்பும் உடைக்கும்போதும் நீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். தரைக்கல்லையும் கான்கிரீட்டையும் நீர் விட்டே அறுக்க வேண்டும்.
2. நொறுக்கும் இயந்திரத்தை மூடி அமைத்து, தூசை உறிஞ்சும் கருவி பொருத்த வேண்டும்.
3. உலர்ந்த தூசைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. நீர் தெளித்துக் கூட்ட வேண்டும்.
4. கழிவு லாரிகளைத் தார்ப்பாயால் மூட வேண்டும்.
5. என்95 அல்லது அதற்கு மேற்பட்ட தரமுள்ள முகக்கவசத்தை முகத்தோடு இறுகப் பொருந்துமாறு அணிய வேண்டும். தாடி இருப்பின் இடைவெளி வழியே தூசு புகும். முகக்கவசம் கடைசிப் பாதுகாப்பே. நீர் தெளிப்புக்கு அது மாற்றாகாது.
6. தூசு படிந்த கையோடு உண்ணவோ, பீடி பிடிக்கவோ கூடாது.

ஆஸ்பெஸ்டாஸும் பழைய வண்ணப்பூச்சும்

ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை உடைத்தால் நுண்ணிழைகள் காற்றில் பரவும். அவற்றால் வரும் நுரையீரல் தழும்பு நோயும் புற்றுநோயும் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். இத்தகடுகளை உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும். பிற இடிபாடுகளோடு கலக்கவோ நொறுக்கும் இயந்திரத்தில் இடவோ கூடாது.

வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்னும் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பூசப்பட்டவற்றில் ஈயம் மிகுதியாக இருந்திருக்கலாம். பழைய சுவரையும் கதவையும் உலர்நிலையில் சுரண்டும்போது எழும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்விடத்தில் இருக்கக் கூடாது.

வீட்டில் பராமரிப்பவர்களுக்கு

தூசு உடையோடும் தலைமுடியோடும் வீட்டிற்குள் வரும். வேலை முடிந்தவுடன் அங்கேயே குளித்து மாற்றுடை அணிந்து வருவது நன்று. இயலாவிடில், வேலை உடையை உதறாமல் தனி வாளியில் நனைத்து, மற்ற துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள். குழந்தையைத் தூக்குமுன் குளித்துவிடச் சொல்லுங்கள்.

நோயாளி இருக்கும் அறையில் ஊதுவத்தி, கொசுவத்தி, விறகுப் புகை ஆகியவற்றைத் தவிர்க்கவும். சிறு சிறு அளவாகப் பல வேளை உணவளிப்பது மூச்சிரைப்பைக் குறைக்கும். எடையை மாதந்தோறும் குறித்து வைத்தால் நோயின் போக்கை மருத்துவர் அறிய உதவும்.

அருகில் கட்டடம் இடிக்கப்பட்டால்

ஆஸ்துமா, நாட்பட்ட மூச்சடைப்பு நோய், இதய நோய் உள்ளவர்களுக்குத் தூசால் நோய் கடுமையாகலாம். இடிக்கும் நேரத்தில் சாளரங்களை மூடி, ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். உறிஞ்சு மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

புற்றுநோய் மருந்து பெறுபவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இடிபாட்டுத் தூசோடு ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் பரவி, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் நுரையீரலைத் தாக்கலாம். இயன்றால் இடிப்பு முடியும்வரை வேறிடத்தில் தங்குங்கள். காய்ச்சலோ இருமலோ வந்தால் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். இடிபாட்டுக் குவியலில் மழைநீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் கொசுக்கள் பெருகும். அவற்றை அகற்ற உள்ளாட்சி அமைப்பிடம் முறையிடலாம்.

உங்களுக்குள்ள உரிமைகள்

சிலிக்கோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் பட்டியலில் இருந்த இந்நோய், 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் உள்ளது. வேலையால் வந்த சிலிக்கோசிசுக்கும் சிலிக்கோ–காசநோய்க்கும் இழப்பீடு கோரச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கு நோய் உறுதிச் சான்றும், வேலை செய்ததற்கான ஆதாரமும் தேவை. ஆகவே வருகைப் பதிவு, கூலிச் சீட்டு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். வாரியத்தில் இதுவரை பதியாதவர்கள் பதிவு செய்துகொள்வது நலம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறல்
• உதடு அல்லது விரல் நுனி நீலமாதல்
• திடீரெனத் தோன்றும் கடும் நெஞ்சு வலி
• இருமலில் இரத்தம்
• குழப்பம் அல்லது மயக்கம்

இந்நிலைகளில் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், இரவில் வியர்த்தல், எடைக்குறைவு ஆகியவை இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கு உங்கள் தொழிலைப் பற்றி மறவாமல் தெரிவியுங்கள்.