நியூட்டனைச் சிரித்தே கொன்றார்களா?

அம்மாவுக்குக் கைபேசியில் தமிழ் தட்ட வராது. விரலால் திரையில் எழுதினால் அதை எழுத்தாக மாற்றித் தரும் ஒரு செயலியைப் போன வருடம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் குடும்பக் குழுவில் அவரிடமிருந்து ஒரு செய்தி: "வரும்போது பல் வாங்கிட்டு வா."

பால்தான். அம்மா போட்ட துணைக்காலைச் செயலி கவனிக்கவில்லை. "மேல் வரிசையா கீழ் வரிசையாம்மா?" என்று தம்பி கேட்க, சித்தப்பா ஒரு பல்செட் படத்தைப் போட, நானும் என் பங்குக்கு ஏதோ சொல்ல, ஒரு வாரம் குழு களை கட்டியது. அதற்குப் பிறகு அம்மா எழுதுவதில்லை. எல்லாம் குரல் செய்திதான்.

இதே மாதிரி ஒரு கதை 1993இல் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அங்கே கேலிக்கு ஆளானது ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன். "பத்திரிகைக் கேலியே கொன்றுபோட்ட கருவி" என்று இன்றைக்கும் அதைச் சொல்வார்கள். உண்மையா என்று கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்.

நியூட்டன் வேலை ஆப்பிளுக்குள் 1987இல் தொடங்கியது. கையில் பிடிக்கிற கணினி, விசைப்பலகை கிடையாது, ஒரு குச்சியால் திரையில் எழுதினால் படித்துக்கொள்ளும். 1992 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில், அப்போதைய தலைவர் ஜான் ஸ்கல்லி இந்த வகைக் கருவிகளுக்கு 'பெர்சனல் டிஜிட்டல் அசிஸ்டென்ட்' என்று பெயரே வைத்துவிட்டார். பின்னால் பிடிஏ, பிடிஏ என்று எல்லோரும் சொன்னது இதைத்தான். பெயர் வந்துவிட்டது, பொருள் வரவில்லை. கடைக்கு வர இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நாளும் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போனது.

உள்ளே வேலை செய்தவர்கள் நாள் கணக்கு, மணிக் கணக்கு பார்க்கவில்லை. அந்த அழுத்தத்துக்கு நடுவில், 1992 டிசம்பரில், அணியிலிருந்த இளம் நிரலாளர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வேலைதான் காரணம் என்று வெளியிலிருந்து நாம் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தக் கதையில் வரும் நகைச்சுவைகளைப் படிக்கும்போது இதையும் மறக்காமல் இருப்பது நல்லது.

1993 ஆகஸ்டில் பாஸ்டனில் நடந்த மேக்வேர்ல்ட் கண்காட்சியில் 'நியூட்டன் மெசேஜ்பேட்' விற்பனைக்கு வந்தது. விலை 699 டாலர். கணினியோடு இணைக்கும் கருவித்தொகுப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கையெழுத்தைப் படிக்கும் மென்பொருளை எழுதியது மாஸ்கோவிலிருந்து வந்த பாராகிராஃப் என்ற நிறுவனம். அது தனித்தனி எழுத்தைப் படிக்கவில்லை. கூட்டெழுத்தாக எழுதிய முழுச் சொல்லை எடுத்துக்கொண்டு, கருவிக்குள் இருக்கும் அகராதியில் எதோடு ஒத்துப்போகிறது என்று தேடும். எழுதுகிறவரின் கை பழக அதற்குச் சில வாரமாவது ஆகும். கடையில் நின்று இரண்டு நிமிஷம் கிறுக்கிப் பார்க்கிறவருக்கு அந்தப் பொறுமை ஏது?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எழுத்தெழுத்தாகப் படிக்கிற இயந்திரம் தப்பு செய்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் வரும். அதைப் பார்த்து எரிச்சல்தான் வரும், சிரிப்பு வராது. நியூட்டன் தப்பு செய்தால் வருவது அகராதியில் இருக்கிற ஒரு முழுச் சொல். நாம் ஒன்று கேட்க, அது ரொம்பத் தன்னம்பிக்கையோடு வேறொன்று சொல்லும். காது கேட்காத தாத்தாவோடு பேசுகிற மாதிரி. நகைச்சுவைக்கென்றே செய்துவைத்த பிழை! 'பல் வாங்கிட்டு வா' வெறும் எழுத்துப்பிழையாக இல்லாமல் நகைச்சுவையானதும் இதனால்தான்.

கேரி ட்ரூடோ இதைப் பிடித்துக்கொண்டார். நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த 'டூன்ஸ்பரி' சித்திரத் தொடரில், அந்த ஆகஸ்ட் மாதமே நியூட்டனை ஒரு வாரம் வறுத்தெடுத்தார். கதாநாயகன் கருவியிடம் "புரியுதா?" என்ற பொருளில் 'கேட்சிங் ஆன்?' என்று எழுதுகிறான். கருவி திருப்பிக் கேட்கிறது: 'எக் ஃப்ரெக்கிள்ஸ்?' முட்டையாம், முகத்துப் புள்ளிகளாம். அமெரிக்கா சிரித்தது. நியூட்டன் என்றாலே 'எக் ஃப்ரெக்கிள்ஸ்' என்று ஆகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், 'ஃப்ரெக்கிள்ஸ்' என்ற சொல் நியூட்டனின் அகராதியிலேயே கிடையாது. பயனர் தானாகச் சேர்த்தால் ஒழிய அந்தப் பிழை அந்தக் கருவியிலிருந்து வந்திருக்க வழியே இல்லை. அதற்காக ட்ரூடோ பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வரைந்த பிழை கற்பனை. அந்த மாதிரிப் பிழைகள் உண்மை. காசு கொடுத்து வாங்கியவர்களின் எரிச்சலை அவர் நாலு கட்டத்தில் சொல்லிவிட்டார். பக்கம் பக்கமாக வந்த விளம்பரத்தை விட அன்றைக்கு அதுதான் நேர்மையான மதிப்புரை.

அடுத்த அடி 1994 நவம்பரில். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் ஒரு பகுதியில், மார்ட்டின் என்ற பையனை அடிக்க வேண்டும் என்று ஒரு முரடன் நியூட்டனில் குறித்துக்கொள்கிறான். 'பீட் அப் மார்ட்டின்' என்று எழுதினால் அது 'ஈட் அப் மார்த்தா' என்று மாற்றுகிறது. கடுப்பில் கருவியையே மார்ட்டின் தலைமேல் எறிகிறார்கள். ஒரு வழியாகப் பயன்பட்டது!

ஆனால் வரலாறு இங்கே நிற்கவில்லை. ஆப்பிளின் ஆய்வுப் பிரிவு தானே ஒரு புது முறையை உருவாக்கியது. பிரித்துப் பிரித்து எழுதும் அச்செழுத்தைப் படிப்பது அது. நியூட்டனின் 2.0 மென்பொருளோடு அது வந்தபோது, பயன்படுத்தியவர்கள் அசந்துபோனார்கள். உண்மையிலேயே படித்தது. பிறகு 2002இல் மேக் கணினிகளுக்கு வந்த 'இன்க்வெல்' வசதி இதன் வாரிசுதான்.

கருவி திருந்தியது. நகைச்சுவை திருந்தவில்லை. மென்பொருளுக்கு 1.0, 2.0 என்று பதிப்பு எண் உண்டு. கேலிக்கு அப்படி எதுவும் கிடையாது. 1993இல் சிரித்தவர் யாரும் 1996இல் கடைக்குப் போய்த் திரும்ப எழுதிப் பார்க்கவில்லை.

சரி, கேலிதான் கொன்றதா? முழுக்க அப்படியில்லை. சாட்சிக்குப் பாம் பைலட்டைக் கூப்பிடலாம். 1996இல் வந்தது, 299 டாலர், சட்டைப்பைக்குள் போகும், கணினியோடு எளிதாகச் சேரும். அதன் கிராஃபிட்டி எழுத்துமுறை மனிதனின் கையெழுத்தைப் படிக்க முயலவே இல்லை. "நான் சொல்கிற மாதிரி நீ எழுது" என்றது. ஆங்கில 'ஏ' எழுத்தைக் குறுக்குக்கோடு இல்லாமல் கூரை மாதிரி போட வேண்டும். மக்கள் மறுபேச்சில்லாமல் கற்றுக்கொண்டார்கள்! ஆக நியூட்டனுக்கு விலை பாதகம், பருமன் பாதகம். போதாததற்கு, அதைத் தூக்கிப்பிடித்த ஸ்கல்லி 1993 ஜூனிலேயே தலைமைப் பதவியை இழந்திருந்தார். கடைக்கு வரும்போதே அது தகப்பனில்லாப் பிள்ளை. 1998 பிப்ரவரியில், திரும்பி வந்திருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அதை மூடினார்.

கேலி செய்தது என்னவென்றால், இரண்டாவது வாய்ப்பைப் பறித்தது. அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயமில்லை.

கேலி ஒரு நல்லதையும் செய்தது. ஐபோன் மென்பொருள் அணியில் இருந்த நிதின் கனட்ரா 2013இல் ஒரு பேட்டியில் சொன்னது இது: ஐபோனின் தொடுதிரை விசைப்பலகையை உருவாக்கிய காலத்தில் 'ஈட் அப் மார்த்தா' என்பது ஆப்பிள் நடைவழிகளில் அடிக்கடி காதில் விழும் வாசகமாம். விசைப்பலகை சரியாக வராவிட்டால் நமக்கும் அதே கதிதான் என்ற எச்சரிக்கை. நியூட்டனுக்காகத் தேடிப் போனதில் 1990இல் ஆப்பிள் கூட்டாளியாகத் தொடங்கிய ஏஆர்எம் நிறுவனத்தின் சில்லு வடிவமைப்புதான் இன்று அநேகமாக எல்லாக் கைபேசியிலும் இருக்கிறது. சிரிக்கப்பட்ட கருவியின் மிச்சம் நம் எல்லோர் பையிலும் இருக்கிறது.

புதுக் கருவியைக் கிண்டல் செய்யக் கூடாது என்று சொல்ல வரவில்லை. விளம்பரம் பேசுகிற இடத்தில் வாங்கியவன் குரல் கேலியாகத்தான் வெளிவரும். அது வேண்டும். ஆனால் பழைய கேலி ஒன்றைப் படித்தால் தேதியைப் பாருங்கள். அது எந்தப் பதிப்பைப் பற்றியது, அதற்குப் பிறகு யாராவது திரும்பப் போய்ப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் செயலியை நானே ஒருமுறை சோதித்தேன். ஒரு வருடத்தில் எத்தனையோ முறை புதுப்பித்திருக்கிறார்கள். 'பால்' என்று பத்துத் தடவை எழுதினேன், கோணலாகக்கூட. பத்தும் பால்தான். அம்மாவிடம் போய், "இப்ப சரியா எழுதுதும்மா, எழுதிப் பாருங்க" என்றேன்.

"அது சரியா எழுதும்டா. நீங்கதான் சிரிப்பீங்க" என்றார்.