வரைபடத்தின் நிறமும் வரிக் கணக்கும்

பழைய வரைபடங்களைக் காலவரிசையில் அடுக்கினால் சோழமண்டலக் கரையை யார் யார் ஆண்டார்கள் என்பது தானே விளங்கிவிடும் என்று தோன்றும். விளங்குவது வேறு: அந்த நாட்டை வரைந்தவருக்கு யார் சொன்னார்கள், யார் அதற்கு உரிமை கொண்டாடினார்கள் என்பதே. விஜயநகரத்தைப் போர்த்துக்கீசியர் ‘நரசிங்கா’ என்றார்கள்; அதை ஆண்ட சாளுவ நரசிம்மனின் பெயர் நாட்டுக்கே ஒட்டிக்கொண்டது. அவன் 1491-இல் இறந்தான். 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் தலைநகரமும் பாழானது. ஆனாலும் 17-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான படங்களில் நரசிங்கா நிலைத்திருந்தது. செதுக்கிய செப்புத் தகட்டை எளிதில் யாரும் தூக்கி எறிவதில்லை. புதிதாகச் செதுக்குபவரும் முந்தைய படத்தைத்தான் முன்னால் வைத்துக்கொள்வார். விஜயநகரத்தின் ஆரவீட்டு அரசர்கள் பின்னரும் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள்தான். ஆனால் மதுரையும் தஞ்சையும் செஞ்சியும் கையை விட்டு நழுவி, அவர்கள் பிடி சுருங்கிய கதை அந்தப் பெயரில் தெரிவதில்லை.

இது தூரத்து அச்சகத்தின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வங்காளத்தில் தலைமை அளவையாளராக இருந்த ஜேம்ஸ் ரென்னல் 1782-இல் வெளியிட்ட இந்துஸ்தான் வரைபடம் அக்காலத்தில் மிக நம்பகமானது. மாகாணப் பிரிவுகளுக்கு அவர் அக்பர் காலத்துச் சுபாக்களையே எடுத்துக்கொண்டார். நடப்பு ஆட்சிகளைக் காட்ட நிறங்களை நாடினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு நிறம், அதன் நேச அரசர்களுக்கு ஒன்று, மைசூருக்கு வேறொன்று. இந்தக் கணக்கில் கர்நாடக நவாப் நேச அரசர் வரிசையில் வருவார். அதே ஆண்டில் நவாபின் தலைநகரான ஆர்க்காடு யாரிடம் இருந்தது? 1780-இல் அதைப் பிடித்த ஹைதர் அலியின் படையிடம். தெற்கே இன்னும் சிக்கல். நெல்லைச் சீமையில் நவாபின் நிறம் பரவிய இடமெல்லாம் பாளையங்கள். கப்பம் வேண்டுமென்றால் நவாப் கம்பெனிப் படையைத்தான் அழைக்க வேண்டியிருந்தது.

படம் துல்லியமானால் இந்தக் குறை தீரும் என்பது அடுத்த வாதம். 1802-இல் பரங்கிமலை அருகே அளவையாளர் லாம்டன் நில அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன்பின் ஊர்களின் இடம் பெரிதும் திருத்தமானது, மறுக்கவில்லை. ஆனால் சங்கிலியும் தியோடலைட்டும் தூரத்தையும் கோணத்தையும் அளக்கும். ஒரு கிராமத்தின் விளைச்சலில் யார் பங்கு எடுத்தார்கள் என்பதை அளக்காது. கம்பெனியின் நிறம் கர்நாடக நவாபின் நாட்டில் உண்மையானது 1801 ஒப்பந்தத்தால். அதற்கு முன் 1792-லேயே பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் அதிகாரம் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதன் வேர் அங்கே இருக்கிறது. அந்த ஒன்பது ஆண்டு இடைவெளி எந்த நிறத்துக்கும் அகப்படவில்லை.

அப்படியானால் வரைபடங்கள் வீணா? இல்லை, வரிக் கணக்கோடு சேர்த்து வாசித்தால் அவை பேசும். இன்றைய புதுச்சேரிப் படத்தையே பாருங்கள். ஒரே பரப்பாக இல்லாமல், நடுநடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள் புகுந்து துண்டு துண்டாகக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர்கள் மானியமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததும், இடையில் பலமுறை ஆங்கிலேயரிடம் பறிபோய்த் திரும்பியதும் அந்தத் துண்டுகளில் பதிந்திருக்கின்றன. 1954-இல் பிரெஞ்சு நிர்வாகம் வெளியேறியபோதும் எல்லைகளை யாரும் நேராக்கவில்லை. பாகூர் இன்றும் புதுச்சேரியில், பக்கத்து ஊர்கள் கடலூர் மாவட்டத்தில்.