இந்திய நடனக்காரி: ஒரு தலைப்பின் முன்கதை

ஜெர்மன் ஓவியர் ஹன்னா ஹோக் (1889–1978) 1930இல் செய்த ஒரு கொலாஜின் தலைப்பு 'இந்திய நடனக்காரி'. படத்தில் இந்தியப் பெண் யாரும் இல்லை; யாரும் ஆடவும் இல்லை. இருப்பது ஃபல்கொனெத்தி என்ற பிரெஞ்சு நடிகையின் முகம். 1928இல் வெளிவந்த, ஜோன் ஆஃப் ஆர்க் பற்றிய மௌனப் படத்தில் ஜோனாக நடித்தவர் அவர். அந்த முகத்தின் ஒரு பகுதியை கேமரூன் நாட்டு மரமுகமூடி மறைக்கிறது. தலையில் ஒரு கிரீடம். அதைச் சுற்றிப் பதித்திருப்பவை மணிகள் அல்ல, மேஜைக் கத்திகளும் கரண்டிகளும்.

பிறகு ஏன் இந்தத் தலைப்பு? ஹோக் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டியவர். தலைப்புச் சொற்களையும் அவர் அப்படித்தான் எடுத்தார் என்று நான் வாசிக்கிறேன். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சொல்லை அது இருந்த இடத்திலிருந்து கத்தரித்துப் பொருந்தாத இடத்தில் ஒட்டுவார். ஒட்டியதும் அந்தச் சொல்லின் பொய் தெரிந்துவிடும்.

அவருடைய புகழ்பெற்ற 1919ஆம் ஆண்டுக் கொலாஜின் நீண்ட தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'ஜெர்மனியின் கடைசி வைமார் பீர்த்தொப்பைப் பண்பாட்டுக் காலத்தை டாடா சமையலறைக் கத்தியால் கீறுதல்'. வைமார் குடியரசு அப்போதுதான் பிறந்திருந்தது. அதற்குள் அவர் 'கடைசி' என்று எழுதிவிட்டார். பீர்த்தொப்பை, மதுக்கூடங்களில் அமர்ந்து நாட்டை ஆண்ட ஆண்களுடையது. கத்தி, பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்ட அறையிலிருந்து வந்தது. படத்தின் வலது கீழ்மூலையில், பெண்களுக்கு வாக்குரிமை இருந்த ஐரோப்பிய நாடுகளின் வரைபடத்தை ஒட்டி, அதன் ஓரத்தில் தன் முகத்தையும் சிறியதாக வைத்தார். ஜெர்மன் பெண்கள் முதன்முதலாகத் தேசிய அளவில் வாக்களித்தது அதே 1919 ஜனவரியில்தான்.

1920இல் பெர்லினில் நடந்த முதல் சர்வதேச டாடா கண்காட்சியில் ஹோக்கைச் சேர்த்துக்கொள்ள கிராஸும் ஹார்ட்ஃபீல்டும் விரும்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து டாடா வரலாற்றை எழுதிய ஹான்ஸ் ரிக்டர், காசில்லாத காலத்திலும் நண்பர்களுக்கு சாண்ட்விச்சும் பீரும் காபியும் எப்படியோ தேடிக் கொடுத்தவர் என்று ஹோக்கை நினைவுகூர்ந்தார். சமையலறைக் கத்தியைத் தலைப்பிலேயே வைத்தவரைக் கடைசியில் சமையலறைக்கே அனுப்பிவைத்தது அந்த வரலாறு.

'இந்திய நடனக்காரி'க்கு ஒரு துணைத்தலைப்பும் உண்டு: 'ஓர் இனவியல் அருங்காட்சியகத்திலிருந்து'. 1920களின் நடுவிலிருந்து ஹோக் செய்துவந்த ஒரு வரிசையின் பெயர் அது. ஐரோப்பிய இனவியல் அருங்காட்சியகங்களில் ஒரு பொருளுக்குக் கீழே இனத்தின் பெயரும் ஊரின் பெயரும் இருக்கும். செய்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஹோக் அதே பீடத்தில், அதே சீட்டின் கீழ் ஐரோப்பியப் பெண்ணின் கண்ணையும் உதட்டையும் காலையும் வைத்தார். அழகுப் பத்திரிகை பெண்ணைக் காட்டும் விதமும் அருங்காட்சியகம் அடிமைப்பட்ட மக்களைக் காட்டும் விதமும் ஒன்றே என்று அந்தத் துணைத்தலைப்பு சொல்கிறது. ஆனால் கேமரூன் முதல் உலகப் போர் வரை ஜெர்மனியின் காலனி. அந்த முகமூடியைச் செதுக்கிய கையின் பெயரை அருங்காட்சியகம் கேட்கவில்லை, ஹோக்கும் கேட்கவில்லை.

இனி 'இந்திய நடனக்காரி' என்ற சொல்லுக்கு வருவோம். ஐரோப்பா அதற்கு முன்பு வைத்திருந்த பெயர் 'பயடேர்'. ஆடுபவள் என்ற பொருளுடைய போர்த்துக்கீசியச் சொல்லின் பிரெஞ்சு வடிவம் அது. 1797இல் கதே ஒரு கவிதையில் அவளைத் தெய்வத்துக்காகச் சிதையேறுபவளாக்கினார். 1830இல் அவள் பாரிஸ் ஓபராவுக்கும், 1877இல் ரஷ்ய பாலே மேடைக்கும் போனாள். 1905இல் மாதா ஹரி என்ற பெயரில் ஒரு டச்சுப் பெண், பாரிஸின் கீமே அருங்காட்சியகத்தில் இந்தியக் கோயில் நடனம் என்று சொல்லி ஆடினார். வேடம் போதுமானதாக இருந்தது. இந்தியப் பெண் தேவைப்படவில்லை.

நிஜமான பெண்களும் ஒருமுறை அங்கே போயிருக்கிறார்கள். 1838இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்துத் தேவதாசிகள் சிலர் பாரிஸில் ஆடினார்கள். அவர்களில் ஒருவரான அம்மணியை பார் என்ற சிற்பி சிறு சிலையாக வடித்தார். ஆனால் அவர்கள் வந்துபோன பிறகும் கற்பனைப் பயடேர்தான் மேடையை ஆண்டாள்.

ஹோக் அந்தத் தலைப்பை எழுதிய 1930இல், சென்னை மாகாணத்தில் நிஜமான ஆடல் பெண்களின் வாழ்வு விவாதத்தில் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி ஒழிப்புக்காகச் சட்டமன்றத்தில் போராடினார். அந்த மரபிலிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பை ஆதரித்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தார். சட்டம் வந்தது 1947இல்தான். அதற்குள் 'சதிர்' என்ற பெயர் பின்னுக்குப் போய் 'பரதநாட்டியம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெயர் மாறியபோது மேடையும் பெரும்பாலும் கைமாறியது. தலைமுறை தலைமுறையாக ஆடியவர்கள் ஒதுக்கப்பட, உயர்சாதிக் குடும்பத்துப் பெண்கள் மேடையேறினார்கள்.

ஹோக்குக்கு இந்த விவாதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பா சொன்ன 'இந்திய நடனக்காரி'க்குள் இருப்பது ஒரு நடிகை, ஒரு முகமூடி, கொஞ்சம் கத்தி கரண்டி, அவ்வளவுதான் என்று அவர் காட்டினார். அந்தச் சீட்டைக் கிழிப்பது அவர் வேலை, செய்தார். சீட்டுக்கு அடியில் யார் இருந்தார் என்று சொல்வது திருவந்திபுரத்தின் மொழியில் எழுதும் நம் வேலை. அதற்குக் கதேயோ மாதா ஹரியோ மட்டும் பதில் சொன்னால் போதாது. சதிர் என்ற பெயரை யார் எதற்காகக் கைவிட்டார்கள் என்பதற்கு நாமும் பதில் சொல்ல வேண்டும்.