உதியன்குளங்கரை வழியே சில கட்டடங்கள்

அயல்நாடுகளில் வாழும் நம் குடும்பத்தார் விடுமுறையில் தாயகம் செல்லுங்கால், திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோயிலுக்கோ கன்னியாகுமரிக்கோ விரைந்துவிடுவதே வழக்கம். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உதியன்குளங்கரை என்னும் சிற்றூரைக் கடக்கச் சில நொடிகளே ஆகும். பெயரைக் கேட்டவுடன் சேரமன்னன் உதியஞ்சேரலாதன் நம் நினைவில் எழுவது இயல்பே. எனினும் பெயரொப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு வரலாறு எழுதுவது நமக்கு உடன்பாடன்று. அவ்வூரை நடுவாகக் கொண்டு ஒரு நாட்பயணத்துள் காணத்தக்க கட்டடங்களே நாம் சொல்ல வந்தவை.

வடக்கே நெய்யாற்றின்கரையில் உள்ள கிருஷ்ணசுவாமி கோயில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. இரு கைகளிலும் வெண்ணெய் ஏந்தி நிற்கும் கண்ணனுக்கு வெண்ணெயே சிறந்த படையல். கோயில் வளாகத்தில் 'அம்மைச்சி பிலாவு' எனப்படும் பழம்பெரும் பலாமரத்தின் பொந்துள்ள அடிமரம் பேணப்படுகிறது. எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் பகைக்கு அஞ்சி இளவரசர் அப்பொந்தினுள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது செவிவழி வரலாறு. சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' புதினத்தின் தலைவர் இவரே. கோயிலைக் காட்டிலும் மரத்தைக் காண்பதிலேயே சிறுவர்களுக்கு ஆர்வம் மிகுதி.

நெய்யாற்றங்கரையில் அருவிப்புரம் இருக்கிறது. கட்டடம் என்ற அளவில் அது எளியது. வரலாற்றளவில் அதற்கு ஈடானது இவ்வட்டாரத்தில் இல்லை என்றே கூறுவோம். 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவமாக நிறுவிய இடம் அது. தெய்வத் திருமேனியை நிறுவும் உரிமை அந்தணர்க்கே உரியது என்றிருந்த நாளில், ஈழவர் குலத்தில் தோன்றிய துறவி ஒருவர் செய்த செயல் இது. சாதிவேற்றுமையும் சமயப்பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் என்னும் கருத்தை அங்கு எழுதியும் வைத்தார். அவர் தமிழ் கற்றவர், தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர் என்பதை நம்மவர் பலர் அறியார்.

உதியன்குளங்கரைக்கு அண்மையிலுள்ள செங்கல் என்னும் ஊரில், மகேசுவரம் சிவபார்வதி கோயிலில் 111 அடி உயரச் சிவலிங்கம் ஒன்று 2019இல் அடியார்களுக்குத் திறக்கப்பட்டது. உள்ளே எட்டு நிலைகள். யோக நூல்கள் கூறும் ஆதாரச் சக்கரங்களுக்குரிய நிலைகளைக் கடந்து ஏறினால் உச்சியில் கயிலைக் காட்சி. ஆற்றுக்கல் ஒன்று போதுமென்றிருந்த அருவிப்புரத்தைக் கண்ட கண்ணுக்கு இவ்வுயரம் சற்று மிகையாகவே தோன்றும். ஆயினும் நம் காலத்துக் கட்டடக்கலை எதனை நாடுகிறது என்று அறிய விரும்புவோர் அதனையும் காணவேண்டும்.

பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளையில் மாநில எல்லை வருகிறது. இக்கோடு 1956 நவம்பர் 1ஆம் நாள் இடப்பட்டது. தமிழ் பேசுவோர் வாழும் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டி, மார்ஷல் நேசமணி முதலியோர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் வழியே போராடினர். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் வந்து சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கு வடக்கே நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் மலையாளத்தில் படித்து வளர்ந்தனர். அயல்மொழிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நமக்கு அவர்தம் நிலை விளங்காததன்று.

அப்புதுக்கடையின் அருகேதான் பார்த்திவசேகரபுரத்துத் திருமால் கோயில் உள்ளது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று இதனை எழுப்பினான். காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றி, 95 மாணவர்க்குக் கல்விச்சாலையும் அமைத்தான். இச்செய்தியைத் தாங்கிய தமிழ்ச் செப்பேடுகள் திருவனந்தபுரத்து ஹசூர் அலுவலகத்தில் இருந்தமையால் ஹசூர் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றன. கோயில் அமைதியானது, கூட்டமும் இராது. நேரம் வாய்த்தால், பறளியாற்றின் குறுக்கே காமராசரின் முயற்சியால் எழுந்து 1966இல் முடிவுற்ற மாத்தூர்த் தொட்டிப்பாலத்தையும் காண்க. 115 அடி உயரத்தில், 1240 அடி நீளம் வாய்க்கால் நீரை ஏந்திச் செல்லும் பாலம் அது.

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கு அரைநாளேனும் ஒதுக்குதல் வேண்டும். பூமுகத்து மரக்கூரையில் ஒன்றைப்போல் ஒன்றிராத 90 மலர்களைத் தச்சர்கள் செதுக்கியுள்ளனர். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணமும் முட்டை வெண்கருவும் கலந்து இழைத்த கருந்தரை, இன்றும் முகம் காட்டும். ஆயிரம்பேர் அமர்ந்துண்ணும் ஊட்டுப்புரையும் உண்டு. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு. அதனைப் பேணுவதோ கேரளத் தொல்லியல்துறை. சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனா நகரில் மூன்று கோட்டைகள் உள்ளன. சுவிசு மக்களைத் தடுப்பதற்கென மிலான் கோமக்கள் வலுப்படுத்திய அவை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிசு மக்களுக்கே உரியவாயின. 2000இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றன. அங்கே மண்ணோடு கோட்டையும் கைமாறியது. இங்கே மண் ஒருவர்க்கும் மனை ஒருவர்க்குமாய் அமைந்தது. அதனால் அரண்மனைக்குக் குறைவொன்றும் நேரவில்லை.

இவ்வரண்மனையின் தேவாரக்கட்டில் வழிபடப்பெறும் சரசுவதித் திருமேனி கம்பர் வழிபட்டது என்பது மரபு. தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியபின், ஆண்டுதோறும் நவராத்திரிக்காகக் கலைமகள் அங்கு எழுந்தருள்கிறாள். உடன் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் செல்வர். மன்னரின் உடைவாள் முன்செல்லும். முதல் இரவு குழித்துறையிலும் மறுநாள் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலிலும் தங்கல். களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்வர். புரட்டாசியில் ஊர் செல்வோர் நவராத்திரி தொடங்குதற்கு முன்னரே சேர்ந்துவிடின், இரண்டாம் நாள் பிற்பகலில் உதியன்குளங்கரைச் சாலையோரம் நின்றாலே போதும். கம்பர் வணங்கிய கலைமகள் அவ்வழியேதான் செல்வாள்.