தூங்கி எழுந்த பொட்டியும் பேரை மறந்த பென் டிரைவும்

லேப்டாப்பை மூடி வெச்சுட்டு அரை மணி கழிச்சுத் திறந்தா, சொருகியிருந்த பென் டிரைவ் விட்ட இடத்துலயே நிக்குதில்லையா? இதுக்குப் பின்னாடி பத்து வருஷக் கதை இருக்குங்க.

1992ல இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஏபிஎம்னு ஒரு முறையைக் கொண்டுவந்தாங்க. அதுல பொட்டியைத் தூங்க வைக்கிற நாட்டாமை பயாஸ்தான். என்ன நடக்குதுன்னு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பல நேரம் தெரியவே தெரியாது. 1996 டிசம்பர்ல தோஷிபாவும் சேர்ந்து ஏசிபிஐ வந்த பிறகுதான் சாவி கைமாறியது.

அதே 1996 ஜனவரியில் வந்தது யூஎஸ்பி 1.0. அதை எழுதினவங்க தூக்கத்தையும் முன்கூட்டியே யோசிச்சிருக்காங்க. வயர்ல 3 மில்லிசெகண்ட் பேச்சுமூச்சு இல்லேன்னா சாதனம் தானா தூங்கிடணும். அப்போ சாதாரண சாதனம் இழுக்கக்கூடிய கரண்ட் வெறும் 500 மைக்ரோஆம்ப். அந்தச் சொட்டுக் கரண்ட்லதான் பொட்டி தனக்குக் கொடுத்த முகவரி எண்ணை அது ஞாபகம் வெச்சிருக்கும்.

சில மதர்போர்டுகள் தூங்கும்போது அந்தச் சொட்டையும் நிறுத்திடும். அங்கதான் வில்லங்கம். கரண்ட் போனா அது பிடுங்கினதுக்குச் சமம்னு விதி. லினக்ஸ் அதை அப்படியே கடைப்பிடிச்சது: பழைய டிரைவ் போயாச்சு, இது யாரோ புதுசு. டிரைவ் மவுண்ட் ஆகியிருந்து, டேட்டா முழுசா எழுதி முடியலேன்னா, அம்போதான்!

இதுக்கு வைத்தியமா வந்ததுதான் யூஎஸ்பி-பெர்சிஸ்ட். 2006ல ஆலன் ஸ்டெர்ன் இதைப் பத்தி எழுதின விளக்கம் கெர்னல் ஆவணங்கள்லயே இருக்கு. எழுந்ததும் கெர்னல் போர்ட்டை ரீசெட் பண்ணும், பழைய முகவரியையே திரும்பக் கொடுக்கும், "நீ யாரு, எந்தக் கம்பெனி, எந்த மாடல்?"னு விசாரிக்கும். பதில் பழையதோட பொருந்தினா, அதே ஆள்னு நம்பிடும்.

நம்பிடும், அவ்வளவுதான். சீரியல் நம்பர் இல்லாத ஒரே மாடல் டிரைவ் ரெண்டு இருந்து, தூக்கத்துல மாத்திட்டீங்கன்னா? ரெட்டைப் பிறவியில யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்! கார்டு ரீடர் இன்னும் மோசம். கெர்னல் விசாரிக்கிறது ரீடரை, உள்ள இருக்கிற கார்டை இல்லை. பழைய கார்டோட கணக்கைப் புதுக் கார்டு மேல எழுதி, அதுல இருக்கிற போட்டோ எல்லாம் நாசமாகலாம். இந்த ஆபத்தை ஸ்டெர்னே அந்த ஆவணத்துல ஒளிக்காம எச்சரிக்கிறார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது.

சாதனத்துக்குச் சாதனம் இதை அணைக்க வழி இருக்கு: சிஸ்எஃப்எஸ்ல அந்தந்தச் சாதனத்தோட பவர் அடைவுக்குள்ள பெர்சிஸ்ட்னு ஒரு கோப்பு, அதுல 0ன்னு எழுதினா போதும். கார்டு மாத்தறவங்க மூடியைச் சாத்தறதுக்கு முன்னாடி அன்மவுண்ட் பண்ணிடுங்க.