தெர்மோஸ்டாட்

தெர்மோஸ்டாட் என்பது ஓர் அறையின், அடுப்பின், நீர்த்தொட்டியின் வெப்பநிலையைத் தானே உணர்ந்து, சூடாக்கும் அல்லது குளிர்விக்கும் சாதனத்தை இயக்கியும் நிறுத்தியும் அந்த வெப்பநிலையை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி. வெப்பநிலைச் சீராக்கி என்றும் எழுதுவதுண்டு. இஸ்திரிப்பெட்டி, ஃபிரிட்ஜ், கீசர், ஏசி, கார் எஞ்சின் ஆகிய அனைத்திலும் இது இருக்கிறது. கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் பயன்படும் வகையே இங்கு முதன்மையாக விளக்கப்படுகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் கருவி என்று இன்று இது அறியப்பட்டாலும், அந்த நோக்கம் முதன்மை பெற்றது பிற்காலத்தில்தான். முதல் முந்நூறு ஆண்டுகளில் இதை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் தேடியது மாறாத வெப்பத்தையே.

இயங்கும் முறை

பொருள்கள் சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் பழைய தெர்மோஸ்டாட்டுகள் அனைத்துக்கும் அடிப்படை. மிகப் பரவலானது ஈருலோகத் தகடு. பித்தளைப் பட்டையும் எஃகுப் பட்டையும் முதுகோடு முதுகாக ஒட்டப்பட்டிருக்கும். ஒரே சூட்டில் பித்தளை கூடுதலாக விரிவதால் தகடு எஃகின் பக்கம் வளையும். வளையும்போது மின்தொடர்பு விலகும். ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் தொடும். பழைய ஃபிரிட்ஜ்களில் வாயு அடைத்த மெல்லிய குழாயும் அதனோடு இணைந்த துருத்தியும் இந்த வேலையைச் செய்தன. இக்கால ஏசிகளில் இருப்பது தெர்மிஸ்டர் என்னும் சிறு மின்தடை. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். அந்த மாற்றத்தைச் சில்லு படித்துக்கொள்ளும்.

எந்தத் தெர்மோஸ்டாட்டும் குறித்த புள்ளியிலேயே நிற்பதில்லை. நிறுத்தும் வெப்பநிலைக்கும் மீண்டும் இயக்கும் வெப்பநிலைக்கும் இடையே சிறு இடைவெளி வேண்டுமென்றே விடப்படுகிறது. அது இல்லாவிட்டால் கம்ப்ரசர் நிமிடத்துக்கொரு முறை நின்று நின்று ஓடிச் சீக்கிரமே பழுதாகும். இங்கே ஒரு பரவலான தவறான நம்பிக்கையையும் குறிப்பிட வேண்டும். அறை விரைவில் குளிர வேண்டுமென்று 16 டிகிரியில் வைப்பவர்கள் பலர். இன்வெர்ட்டர் இல்லாத ஏசியின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 24இல் வைத்தாலும் 16இல் வைத்தாலும் அறை ஒரே வேகத்தில்தான் குளிரும். 16இல் வைத்தால் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதே வேறுபாடு.

தொடக்க வரலாறு

எகிப்தில் பழங்காலந்தொட்டே பெரிய செங்கல் அடுப்புகளில் கோழிமுட்டைகளைப் பொரித்தனர். அங்கே தெர்மோஸ்டாட்டின் இடத்தில் மனிதர் இருந்தார். முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்துச் சூட்டை மதிப்பிட்டு, நெருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. அத்திறமை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. இந்த மனிதரை அடுப்படியிலிருந்து விடுவித்ததே தெர்மோஸ்டாட்டின் முதல் சாதனை.

அதைச் செய்தவர் கொர்னேலியஸ் டிரெபெல் (1572–1633). நெதர்லாந்தின் அல்க்மார் நகரில் பிறந்து, ஹார்லெமில் ஓவியர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸிடம் செப்புத்தகட்டுச் செதுக்கலைக் கற்றார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து சென்று முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆதரவைப் பெற்றார். இடையே சில ஆண்டுகள் ப்ராக் நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அவையிலும் இருந்தார். 1620களில் தேம்ஸ் ஆற்றில் தோல் போர்த்திய படகொன்றை நீருக்கடியில் செலுத்திக் காட்டினார். பளிச்சென்ற சிவப்புச் சாயம் ஒன்றும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. டிரெபெலைப் பற்றி எழுதுவோர் நீர்மூழ்கிப் படகோடு நின்றுவிடுகின்றனர். அந்தப் படகு அவரோடு முடிந்தது. அவர் கட்டிய அடுப்பின் தத்துவம் இன்று ஒவ்வொரு வீட்டிலும் இயங்குகிறது என்பதால், அதற்கே முதலிடம் தர வேண்டும்.

அந்த அடுப்பின் அமைப்பு எளிமையானது. அடியில் நெருப்பு. வெளிப்பெட்டிக்கும் உட்பெட்டிக்கும் நடுவே வெப்பப் புகை மேலேறி உச்சித் துளை வழியே வெளியேறும். உட்பெட்டிக்கு இரட்டைச் சுவர். இரு சுவர்களுக்கிடையே நீர். அந்த நீருக்குள் ஆல்கஹால் நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்று அமிழ்ந்திருக்கும். குழாயின் மறுமுனை வளைந்து மேலேறும், அவ்வளைவில் பாதரசம். சூடு மிஞ்சினால் ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசத்தின்மேல் நிற்கும் தண்டு உயர்ந்து, நெம்புகோல் வழியாகப் புகைத்துளையை மூடும். காற்றோட்டம் குறைந்து நெருப்பு அடங்கும். சூடு தணிந்தால் ஆல்கஹால் சுருங்க, தண்டு இறங்க, துளை திறக்க, நெருப்பு மீண்டும் எழும். விளைவே திரும்பி வந்து காரணத்தைத் திருத்துகிறது. இந்த வட்டத்தைப் பொறியியலார் பின்னூட்டக் கட்டுப்பாடு என்பர். நவீன ஐரோப்பாவில் அதன் முதல் எடுத்துக்காட்டு டிரெபெலின் அடுப்பே.

டிரெபெல் இதைச் செய்த காரணம் இரண்டு. தாழ்ந்த உலோகத்தை நீண்ட காலம் மிதமான ஒரே சூட்டில் வைத்தால் பொன்னாகும் என்பது அக்கால இரசவாதிகளின் நம்பிக்கை. பொன் விளையவில்லை. இரண்டாவது காரணம் கோழிக்குஞ்சு. கோழிமுட்டை பொரிய ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் 21 நாள் குறையாமலும் மிகாமலும் கிடைக்க வேண்டும். ஓரிரு டிகிரி ஏறி நீடித்தாலே கரு செத்துவிடக்கூடும். நாமக்கல், பல்லடம் வட்டாரக் குஞ்சு பொரிப்பகங்களில் இன்று ஓடும் இன்குபேட்டர்களும் இதே பொறுப்பைத்தான் தெர்மோஸ்டாட்டிடம் விட்டிருக்கின்றன.

டிரெபெல் தம் அடுப்பைப் பற்றி நூல் எழுதவில்லை. அவருடைய மருமகனான குஃப்லர் வழியாகவே அது வெளியுலகுக்குத் தெரிந்தது. நாட்குறிப்பாளர் ஜான் எவ்லின் 1666இல் குஃப்லரின் இரும்பு அடுப்புகளைப் போய்ப் பார்த்ததாகக் குறித்திருக்கிறார். டிரெபெல் தம் கடைசிக் காலத்தில் லண்டனில் மதுக்கடை நடத்திப் பிழைத்து, வறுமையில் இறந்தார்.

ஈருலோகத் தகடு கடிகாரத் தொழிலிலிருந்து வந்தது. கப்பல் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன், வெப்பத்தால் கடிகாரம் வேகம் மாறுவதைச் சரிக்கட்ட, 1759இல் முடித்த தம் மூன்றாவது கருவியில் பித்தளையையும் எஃகையும் சேர்த்து ஆணியடித்த பட்டையைப் பயன்படுத்தினார். பிரான்சில் போன்மேன் 1783இல் இரும்புத் தண்டும் வேறொரு உலோகக் குழாயும் வெவ்வேறு அளவில் விரிவதைக்கொண்டு அடுப்பின் காற்றுவழியைக் கட்டுப்படுத்தினார். அவரும் கோழிக்குஞ்சு பொரிப்பவரே. சுடுநீரைக் குழாயில் சுழலவிட்டுச் சூடாக்கும் முறைக்கும் அவரே முன்னோடி. ஸ்காட்லாந்து வேதியியலார் ஆண்ட்ரூ யூர் 1830இல் ஈருலோகத் தகட்டைக் கொண்ட கருவிக்குக் காப்புரிமை பெற்று, தெர்மோஸ்டாட் என்று பெயரும் வைத்தார். ஆலைகளில் சீரான வெப்பத்தைக் காப்பதே அவர் நோக்கம்.

கட்டடங்களுக்குள்

மனிதர் வாழும் அறைக்குள் தெர்மோஸ்டாட் வந்தது அமெரிக்காவின் குளிர்மிகுந்த வடபகுதியில். விஸ்கான்சின் மாநிலம் வைட்வாட்டரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றில் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். அங்கே பணியாள் மணிக்கொரு முறை ஒவ்வொரு வகுப்பறையாக நுழைந்து வெப்பமானியைப் பார்த்து, பின் நிலவறைக்கு இறங்கிக் காற்றுவழிகளைத் திறந்தும் மூடியும் வந்தார். வகுப்பு கலைவதைப் பொறுக்காத ஜான்சன், அறையிலுள்ள ஈருலோகத் தகடு நிலவறையில் மணியடிக்கும்படி செய்து 1883இல் காப்புரிமை பெற்றார். அறைத் தெர்மோஸ்டாட்டைக் கண்டுபிடித்தவர் இவரே. 1885இல் மில்வாக்கியில் அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் ஆயிற்று. அழுத்தக் காற்றால் வால்வுகளை இயக்கி, ஒரே கட்டடத்தின் வெவ்வேறு அறைகளுக்கு வெவ்வேறு வெப்பநிலை தரும் முறைக்கு அவர் 1895இல் காப்புரிமை பெற்றார்.

அதே காலத்தில் மினியாபொலிஸில், சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய ஆல்பர்ட் பட்ஸ் நிலக்கரி உலையின் மூடியைச் சிறு மோட்டாரால் தூக்கும் கருவியைச் செய்தார். இதற்குக் காப்புரிமை கிடைத்தது 1886இல். அவருடைய நிறுவனம் கைமாறிக் கைமாறி, 1906இல் இரவுக்கும் பகலுக்கும் வெவ்வேறு வெப்பநிலை வைக்கும் கடிகாரத் தெர்மோஸ்டாட்டை விற்றது. 1927இல் மார்க் ஹனிவெல்லின் நிறுவனத்தோடு இணைந்தது. ஹனிவெல் 1953இல் வெளியிட்ட வட்டத் தெர்மோஸ்டாட்டைத் தொழில் வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்தார். சுருளான ஈருலோகத் தகடு, அதன்மேல் பாதரசத் துளி அடைத்த சிறு கண்ணாடிக் குமிழ், வெளியே திருகும் வளையம். குழந்தைக்கும் புரியும் அமைப்பு. சுவரில் மாட்டிய கருவிகளில் இதைவிடத் தெளிவானது இன்றுவரை வரவில்லை. ஐரோப்பாவில் பாதை வேறு. டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனர் மாட்ஸ் கிளௌசன் 1943இல் ஒவ்வொரு ரேடியேட்டரின் வால்விலும் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் முறையைக் கண்டார். மின்சாரமே தேவைப்படாத இந்த வால்வு ஐரோப்பிய வீடுகளில் இன்றும் புழங்குகிறது.

எரிபொருள் சேமிப்பு

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகே தெர்மோஸ்டாட் பரவலாகச் சிக்கனத்தின் கருவியாகப் பார்க்கப்பட்டது. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1979இல் பொதுக் கட்டடங்களைக் குளிர்காலத்தில் 65 பாரன்ஹீட்டுக்கு மேல் சூடாக்கவும் கோடையில் 78க்குக் கீழ் குளிர்விக்கவும் தடை விதித்தார். செல்சியஸில் இவை ஏறத்தாழ 18உம் 25.5உம். 1981இல் அடுத்த அதிபர் ரீகன் இத்தடையை நீக்கினார். ஜப்பான் 2005இல் 'கூல் பிஸ்' திட்டத்தில் அலுவலகங்களை 28 டிகிரியில் வைக்கச் சொல்லி, கோட்டையும் கழுத்துப்பட்டையையும் விடச் சொன்னது. உடையை மாற்றாமல் வெப்பநிலையை மாற்ற முடியாது என்று உணர்ந்து வகுத்த நல்ல திட்டம் இது.

வீட்டில் ஆள் இல்லாதபோதும் உறங்கும்போதும் சூட்டைக் குறைத்தால் மிச்சமாகும் என்பதில் ஐயமில்லை. நாளில் எட்டு மணி நேரம் 4 முதல் 5 டிகிரி வரை தள்ளி வைத்தால் ஆண்டுச் செலவில் 10 விழுக்காடு வரை குறையலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. இதற்கென வந்த நிரல்படுத்தும் தெர்மோஸ்டாட்டுகளுக்கு 1995இல் எனர்ஜி ஸ்டார் என்னும் அமெரிக்க எரிசக்திச் சிக்கன முத்திரை கிடைத்தது. 2009 முடிவில் அது திரும்பப் பெறப்பட்டது. சிறு பொத்தான்களோடு போராட முடியாமல் மக்கள் நிரல்படுத்தாமலே விட்டதால், எதிர்பார்த்த சேமிப்பு கள ஆய்வுகளில் தென்படவில்லை. ஆப்பிளில் ஐபாடை உருவாக்கிய டோனி ஃபடெல், மேட் ரோஜர்ஸுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட நெஸ்ட், இதற்கு விடையாக வந்தது. வீட்டார் திருகும் நேரங்களைத் தானே கற்று, நடமாட்டம் இல்லாவிட்டால் தானே தணிந்துகொண்டது. 2014இல் கூகுள் அதை 320 கோடி டாலருக்கு வாங்கியது. சூடாக்கலில் 10–12 விழுக்காடும் குளிர்வித்தலில் 15 விழுக்காடும் சேமிப்பு என்று அந்நிறுவனம் 2015இல் அறிவித்தது. ஆனால் வெப்பம் கசியும் கூரையும் வெயில் நேரே விழும் கண்ணாடிச் சுவரும் உள்ள கட்டடத்தின் குறையை எந்தத் தெர்மோஸ்டாட்டும் தனியாகத் தீர்க்காது.

இந்தியாவில்

சூடாக்கும் தேவை குறைந்த நம் நாட்டில் ஏசிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டே முக்கியம். பி.இ.இ. எனப்படும் மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் பரிந்துரைப்படி, நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகள் அனைத்தும் இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 சனவரி முதல் நடப்பில் உள்ளது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது அவ்வமைப்பின் மதிப்பீடு. ஏசியின் வரம்பையே 20 முதல் 28 டிகிரிக்குள் கட்டப்போவதாக 2025 சூனில் மத்திய அமைச்சர் அறிவித்தார். வெப்பநாட்டு மக்கள் 26 டிகிரியிலும் மின்விசிறிக் காற்றில் நிறைவாக இருப்பர் என்பதால் இவ்வரம்பு நமக்கு ஏற்றதே. பெரிய அலுவலகக் கட்டடங்களில் கணினிவழி மையக் கட்டுப்பாடு பரவி வருகிறது. கைபேசியில் இயங்கும் ஏசிகளும் சந்தையில் உள்ளன.